அட்டையில் பெயர் இல்லாத ஆல்பம்

கேள்வி: ராக் பாடகர் நீல் யங்கின் முதல் தனி ஆல்பத்தை (1968) அவருடைய ரசிகர்களே பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் மட்டும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? அதைக் கேட்கலாமா, நேராக இரண்டாவது ஆல்பத்துக்குப் போய்விடலாமா?

கேளுங்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். இந்த ஆல்பத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி, ஆளுக்கொரு இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, இருவரும் ஒன்றையே கேட்டோம் என்று நினைத்துக்கொண்டு போடுகிற சண்டை. நானே அப்படி வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டில், தெருவில், சந்தையில் எல்லாம் தமிழ்தான். தொண்ணூறுகளில் சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்தபோது, எனக்கு இரண்டு வருஷம் மூத்த ஒரு மலையாளி சேட்டன் பழக்கமானார். அவருடைய அம்மாவன் (தாய்மாமா) கப்பலில் வேலை பார்த்தவர். போகிற துறைமுகத்தில் எல்லாம் பழைய எல்.பி. தட்டுகளாக வாங்கி வந்து வீட்டில் அடுக்கியிருந்தார். அதில் ஒன்றின் அட்டையில் ஓர் இளைஞனின் முகத்தை வரைந்திருந்தது. பாடகர் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. தட்டை வெளியே எடுத்து நடுவிலிருக்கும் லேபிளைப் படித்தால்தான் அது நீல் யங் என்று தெரியும்.

சேட்டன் அதை ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டேன். மறுநாள் கல்லூரியில் சண்டை தொடங்கியது. அவர் சொன்னார், பாட்டு நல்ல பாட்டு, ஆனால் குரல் பனிமூட்டத்துக்குள் நிற்கிறது, பாடுகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்றே தெரியவில்லை. நான் சொன்னேன், குரல் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான், பனியும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. ஆனால் அதற்கான பாடத்தை அப்பா அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா மைக் செட் வைத்திருந்தார். மாரியம்மன் நோம்பி (திருவிழா), கல்யாணம், சர்ச் பெருநாள் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போவோம். ஒரு நோம்பிக்கு இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கரை நான் இணைத்தபோது, ஒன்றில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பாட்டு ஓடுகிறது, சத்தமும் இருக்கிறது. இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் போய் நின்றால் மட்டும் பாடுகிறவரின் குரல் எங்கோ கலைந்துபோகிறது. அடி சத்தமும் செத்துப்போயிருந்தது. அப்பா பந்தலுக்கு நடுவில் நின்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "ஏண்டா, ஒயரை மாத்திக் குடுத்துட்டியா? ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுக்கிட்டு இருக்குது பாரு" என்றார். ஒரு பாக்ஸின் கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகிறது. இரண்டிலும் பொதுவாக வருகிற குரல்தான் இதில் அடிபடும்.

நீல் யங்கின் ஆல்பத்துக்கு நடந்ததும் இதற்குப் பக்கத்து வீட்டு விஷயம்தான். 1968 வாக்கில் அமெரிக்க நிறுவனங்கள் மோனோ தட்டுகளை (எல்லா ஒலியும் ஒரே சேனலில்) கைவிட்டு ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரண்டு சேனல்) மட்டும் போடத் தொடங்கியிருந்தன. ஆனால் நிறைய வீடுகளிலும் ரேடியோ நிலையங்களிலும் மோனோ கருவிகளே இருந்தன. ஸ்டீரியோ தட்டை மோனோவில் ஓட்டினால் இரண்டு சேனலும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் இருக்கிற குரல் மற்ற வாத்தியங்களைவிட மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தடுக்க ஹெய்கோ-சிஎஸ்ஜி என்ற ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு சேனலுக்கும் இன்னொரு சேனலுக்கும் இடையே ஃபேஸை, அதாவது ஒலி அலை ஏறி இறங்குகிற நேரத்தை, 90 டிகிரி தள்ளிவைக்கும். நான் நோம்பியில் செய்தது 180 டிகிரி, முழுத் தலைகீழ்; இது அதில் பாதி. மோனோவில் கேட்கிறவனுக்கு இதனால் நன்மை. ஸ்டீரியோவில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு, நடுவில் நிற்கவேண்டிய குரல் பரவிக் கலங்கிப்போகும்.

சேட்டன் வீட்டில் நல்ல ஸ்டீரியோ செட். எங்கள் வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டர், அதிலிருந்து அப்பாவின் மோனோ ஆம்ப்ளிஃபயர். அவர் கேட்ட பனி அவருக்கு உண்மை. நான் கேட்காததும் உண்மை.

குரலையும் வாத்தியங்களையும் கலந்த அந்த மிக்ஸ் யங்குக்கே பிடிக்கவில்லை. 1969-ல் சில பாட்டுகளை மறுபடியும் மிக்ஸ் செய்து தட்டைத் திரும்ப வெளியிட்டார்கள். அப்போதுதான் அட்டையில் அவர் பெயரும் ஏறியது. பெயர் இல்லாத அட்டை என்றால் முதல் பதிப்பு. பெரும்பாலோர் இன்று கேட்பது பிந்தைய மிக்ஸைத்தான். 'பனிமூட்டம்' என்று பழைய ரசிகர்கள் சொல்வதைப் படித்துவிட்டு இன்றைய பதிப்பைக் கேட்டால், எதைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குப் புரியாமலே போகலாம்.

சரி, மிக்ஸ் பிரச்சினை தீர்ந்துவிட்டதே, அப்புறமும் ஏன் சண்டை? இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் சிடி வாங்கிக் கேட்டபோது குரல் தெளிவாக இருந்தது; ஆனால் பாடுகிறவர் அப்போதும் பின்னால்தான் நின்றார். மெஷின் போட்ட திரையை விலக்கிய பிறகும் ஒரு திரை பாக்கி இருந்தது. அது அவரே போட்டுக்கொண்டது.

அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற குழுவின் 1966 ஆல்பத்தில் யங் எழுதிய பாட்டுகள் ஐந்து. அதில் மூன்றை ரிச்சி ஃபியூரே பாடினார். மெல்லிய, உச்சத்தில் நடுங்குகிற யங்கின் குரல் அன்றைக்கு எல்லோருக்கும் ஒப்புக்கொள்ளக்கூடிய குரலாக இல்லை. தன் பாட்டை அடுத்தவர் பாடக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு மனிதர், இரண்டே வருஷத்தில் 23 வயதை ஒட்டித் தனி ஆல்பம் போடுகிறார். தன் குரலைச் சுற்றி என்னென்ன வைக்க முடியுமோ அத்தனையும் வைக்கிறார். கிட்டாருக்கு மேல் கிட்டார், அதற்கு மேல் ஆர்கன், ஜாக் நிட்ஷே என்ற இசைக்கோர்ப்பாளர் அமைத்துக்கொடுத்த வயலின்கள், பின்பாட்டுக்குப் பெண் குரல்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது குறைவு. பதிவுக்கு மேல் பதிவாக ஏற்றியது அதிகம்.

இதைத்தான் ஒரு கூட்டம் மன்னிக்கவே இல்லை. பொள்ளாச்சியில் ஒரு நண்பர் நன்றாக கிட்டார் வாசிப்பார். அவருக்கு 1969 மே மாதம் வந்த இரண்டாவது ஆல்பம்தான் வேதம். கிரேஸி ஹார்ஸ் குழுவோடு ஒரே அறையில் நின்று வாசித்தது, ஒன்பது பத்து நிமிஷம் ஓடுகிற இரண்டு பாட்டுகள், தப்பு வந்தால் வரட்டும் என்கிற தைரியம். ஆறு மாதத்தில் இப்படி மாறியவருக்கு, முந்தையது கத்துக்குட்டி வேலை என்பது அவர் வாதம். 1972-ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பமான 'ஹார்வெஸ்ட்' வழியாக யங்கிடம் வருகிறவர்களும் இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். பின்னோக்கி நடந்துவரும்போது கடைசியில் வருகிற வீடு இது. அதற்குள் கால் வலித்துவிடுகிறது.

எனக்கு அந்த நண்பரின் காது மேல் மரியாதை உண்டு. ஆனால் ஓர் இடத்தில் அவர் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வயலின் வந்தாலே ராக் கெட்டுவிட்டது என்பது அவர் எங்கிருந்தோ கடன் வாங்கிய எண்ணம். இளையராஜாவின் வயலின் கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்த காது நம்முடையது. பாட்டுக்கு நடுவே தந்திகள் எழுந்துவந்து, பாடகர் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு இறங்குவது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ராக் ஒன்றுமே கேட்காத என் மாமா பையனுக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுக்காட்டினேன். 'தி ஓல்ட் லாஃபிங் லேடி' ஓடும்போது பேச்சை நிறுத்திவிட்டான். கிட்டத்தட்ட ஆறு நிமிஷப் பாட்டு. தந்திகள் வருவதும் விலகுவதும், பெண்களின் குரல் அலையாக வந்து மோதுவதும். அந்தக் குரல்களில் ஒருவர் மெர்ரி கிளேட்டன். அடுத்த வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாட்டில் உலகத்தையே உலுக்கியவர். 'இன்னொருக்கா போடு' என்று மட்டும் சொன்னான். முன்முடிவு இல்லாமல் கேட்ட காது அது.

(இந்த ஆல்பத்தில் வேலை செய்த இன்னொருவர் ரை கூடர் என்ற கிட்டார் கலைஞர். பிற்பாடு நம்மூர் விஷ்வ மோகன் பட்டோடு சேர்ந்து 1993-ல் ஓர் ஆல்பம் போட்டு கிராமி வாங்கினார். கிடைத்தால் அதையும் கேளுங்கள்.)

இரண்டாம் பக்கத்தில் 'ஹியர் வீ ஆர் இன் த இயர்ஸ்' என்று ஒரு பாட்டு. விடுமுறைக்கு நாட்டுப்புறம் போகிற நகரத்துக்காரர்கள், புகையில்லாத வானத்தைப் பார்த்து வியந்துவிட்டு, பன்றிக்குத் தீனி போடுகிற விவசாயியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதைப் பற்றி ரசிகர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் கொல்லங்கோடு இருக்கிறது. நெல்லியாம்பதி மலையின் அடிவாரம், பச்சை வயல். இப்போது ஊரெல்லாம் படமெடுக்க வருகிறார்கள். வரப்பில் நின்று படமெடுக்கிறவர்களுக்குப் பின்னால், நாற்றுக்கட்டோடு ஒரு அம்மா அவர்கள் நகர்வதற்காகக் காத்துநின்றதைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பாட்டு எனக்கு வேறு பாட்டாகிவிட்டது. கோபமாகப் பாடவேண்டிய விஷயத்தை யங் கிட்டத்தட்டத் தாலாட்டு போலப் பாடியிருக்கிறார். குரல் பின்னால் நிற்பது இங்கே சரியாகப் பொருந்துகிறது. காத்துநிற்கிறவரின் குரல் அது.

கடைசிப் பாட்டு 'த லாஸ்ட் ட்ரிப் டு டல்சா'. ரசிகர்கள் இதில்தான் ரொம்பவும் முட்டிக்கொள்கிறார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு மேல்; ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு எதுவும் இல்லை. கனவில் வருகிற மாதிரி காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்க்கொண்டே இருக்கும். உளறல் என்பார்கள் சிலர். ஆல்பத்தில் உயிருள்ள பாட்டு இது ஒன்றுதான் என்பார்கள் சிலர். பொள்ளாச்சி நண்பர் இரண்டாவது கட்சி, சேட்டன் முதல் கட்சி.

அதன் முடிவில், 87 வருஷமாக ஒரு பனையை வெட்டிக்கொண்டிருக்கிற ஒருவன் வருகிறான். நண்பன் ஒருவன் வந்து, நானும் கைகொடுத்தால் உனக்குத் தனிமை குறையுமா என்று கேட்கிறான். தனிமை ஒரு பிரச்சினையே இல்லை என்கிறான் இவன். மரம் கடைசியில் நண்பன் முதுகின் மேல் விழுகிறது. பாடலில் வருவது என்ன வகைப் பனையோ, எனக்குத் தெரிவது எங்கள் கரிம்பனைதான். பாலக்காட்டுக் காற்றில் இரவெல்லாம் ஓலை உரசுகிற அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். பனை வெட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசமாட்டார்கள். மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதிலேயே கண் இருக்கும். பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பவரை முதலில் தூரப் போகச் சொல்வார்கள். அந்த வரிகள் எனக்கு ஒருநாளும் உளறலாகத் தோன்றவில்லை. உதவி செய்ய வருகிறவனைத் தள்ளிவைக்கத் தெரியாத ஒருவனின் பயம் அதில் இருக்கிறது.

நாற்பது நிமிஷத்துக்கும் குறைவான இந்த ஆல்பத்தில் முக்கால் பங்கு நேரம் குரலைக் கூட்டத்துக்குள் மறைத்துவைத்துவிட்டு, கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக ஒன்பது நிமிஷம் பேசுகிறார் யங். ஒளிந்துகொள்ள விரும்புகிறவரும், முழுக்கத் திறந்துகாட்ட விரும்புகிறவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். அவருக்குள் தீராமல் இருந்த வழக்கு அது. ரசிகர்கள் ஆளுக்கொரு பக்கம் வக்காலத்து வாங்கியிருக்கிறார்கள். என் கட்சி எது என்று கேட்டால், ஒளிந்துகொள்கிறவர் பக்கம்தான் நான். திறந்துகாட்டுகிற யங் அடுத்தடுத்த ஆல்பங்களில் நிறையக் கிடைக்கிறார். இந்த இன்னொருவர் இவ்வளவு முழுசாக இங்கே மட்டும்தான் இருக்கிறார். இதிலுள்ள 'ஐ'வ் பீன் வெயிட்டிங் ஃபார் யூ' பாட்டை 2002-ல் டேவிட் போவி தன் ஆல்பத்தில் பாடினார். அதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். போவி முன்னால் வந்து நின்று பாடுகிறார், அருமையாகவே பாடுகிறார். ஆனால் காத்திருக்கிற ஆளாக எனக்குத் தெரிவது யங்தான்.

எப்படிக் கேட்பது என்றால், முதல் தடவை ஹெட்போன் வேண்டாம். முதலில் வருகிற 'தி எம்பரர் ஆஃப் வயோமிங்' வெறும் வாத்தியம், இனிமையாகப் போகும். அதை வைத்து ஆல்பத்தை எடைபோட வேண்டாம். அடுத்து 'த லோனர்'. அந்த கிட்டார் பிடித்துவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். 'ஓல்ட் லாஃபிங் லேடி'யை இரவில் கேளுங்கள். 'டல்சா'வை மட்டும் முதல் நாளே கேட்காதீர்கள். அதை எடுத்துவைத்துவிட்டு, மற்ற ஒன்பதும் மனதில் ஊறிய பிறகு, ஒருநாள் தனியாகப் போடுங்கள்.