வெள்ளை முயலின் மஞ்சள் கறையை எப்படிப் போக்குவது?

மார்த்தாண்டத்தில் வளர்க்கும் வெள்ளை முயலின் பாதமும் வயிறும் மஞ்சளாகிவிட்டன, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நனைந்தால் முயல் மிரண்டு உதறும். அந்த உதறலில் முதுகெலும்பே முறியலாம். அடிமுடி லேசில் காயாது, உடம்பும் குளிர்ந்துவிடும்.

கறை பட்ட இடத்தில் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) தூவி, விரலால் முடியின் வேர்வரை தேய்த்து, மென்மையான சீப்பால் வாருங்கள். மாவு மூக்கருகே பறக்கக் கூடாது. மீதிக் கறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். செம்மண் என்றால் காயவிட்டு வாரினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

மூத்திரம் ஊறிய வைக்கோலை அன்றன்றே மாற்றாவிட்டால் கறை திரும்ப வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பின்புறம் ஈரமாகவே இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும்; வால் பக்கத்தைத் தினமும் பாருங்கள். புழு தென்பட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.