ஒரே மாத்திரையில் அடங்கிய நோய்க்கு இப்போது ஏன் பல மருந்துகள்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 41. சி.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய்க்காகச் சில ஆண்டுகளாக இமாடினிப் மாத்திரை சாப்பிட்டு நலமாகவே இருந்தான். சென்ற மாதம் விடாத காய்ச்சலும் எலும்பு வலியும் வந்தன. நோய் ‘பிளாஸ்ட் கிரைசிஸ்’ கட்டத்துக்குப் போய்விட்டதாகவும், புதிய மாத்திரையோடு கீமோ ஊசியும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் மருத்துவர் சொல்கிறார். ஏன் இத்தனை மருந்துகள்? உடம்பு தாங்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற புதிய மரபணு உருவாகி, ரத்த அணுக்களை ஓயாமல் பெருகச் செய்யும் ஒரு நொதியை உண்டாக்குகிறது. இமாடினிப் அந்த நொதியை முடக்கும் மருந்து; நோயின் தொடக்கக் கட்டத்தில் அது ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் பிளாஸ்ட் கிரைசிஸ் என்னும் முற்றிய கட்டத்தில் அணுக்கள் வேறு பல மரபணுக் கோளாறுகளையும் சேர்த்துக்கொண்டு, முதிர்ச்சி அடையாமலேயே பெருகுகின்றன. நொதியை அடைத்தாலும் அவை வேறு வழியில் வளரும் என்பதால், மாத்திரை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்குவதே வழக்கம். கீமோவைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

எந்த மருந்துகளைச் சேர்ப்பது என்பதை இரண்டு பரிசோதனைகள் முடிவு செய்யும். ஒன்று, பெருகியிருப்பவை வெள்ளணுக்களின் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்று பார்ப்பது. அவை லிம்பாய்டு (நிணநீர் அணு) வகை என்றால் வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு முதலியவற்றோடு, மூளைக்கு நோய் பரவாதிருக்க முதுகுத்தண்டு வழியாகவும் ஊசி போடுவார்கள். மைலாய்டு (மஜ்ஜை அணு) வகை என்றால் சைட்டாரபின் சார்ந்த தீவிர கீமோ தரப்படும். அதைத் தாங்க முடியாதவர்களுக்கு அசாசிடிடின் போன்ற மிதமான மருந்து உண்டு. அண்மைக் காலத்தில் அதனுடன் வெனிடோகிளாக்ஸையும் சேர்க்கிறார்கள். மற்றொன்று மரபணுத் திரிபுப் பரிசோதனை. டி315ஐ என்ற திரிபு இருந்தால் இமாடினிப்பும், அதே நொதியை முடக்கும் டாசாடினிப், நிலோடினிப் மாத்திரைகளும் பலிக்காது. அதே வகையைச் சேர்ந்த பொனாடினிப் வேலை செய்யும். இந்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உடம்பு தாங்குமா என்ற உங்கள் கவலை நியாயமானது. நோயும் மருந்தும் சேர்ந்து கிருமிகளை எதிர்க்கும் நல்ல வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பொனாடினிப் ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்கக்கூடியது. 2013-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, கடும் எச்சரிக்கைகளுடனேயே மீண்டும் வந்தது. எனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். டாசாடினிப் கொடுத்தாலோ, வயிற்றெரிச்சலுக்குப் பலரும் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோல் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். நாட்டு மருந்து எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கூட்டு மருந்துகளால் மட்டும் இந்தக் கட்டத்தில் நோய் நிரந்தரமாக அடங்குவது அரிது. நோயைப் பழைய நிதானக் கட்டத்துக்குத் திருப்பி, அந்த இடைவெளியில் வேறொருவரின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுவை) செலுத்துவதே இச்சிகிச்சையின் நோக்கம். அந்த இடைவெளி நீண்ட நாள் நீடிக்காது. கீமோ முடிந்த பிறகு கொடையாளரைத் தேடலாம் என்று இருப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம். பொருந்தாவிட்டால் பாதி பொருந்திய உறவினரிடமிருந்தும் இன்று செல்களை எடுக்க முடிகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதலே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நடந்து வருகிறது. நீங்களும் உங்கள் உடன்பிறந்தார் மற்றவர்களும் கொடையாளரின் செல் பொருந்துமா என்று காணும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.