மகளின் பல் சந்தும் கணவரின் பல் சந்தும்

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்திருக்கிறது. வகுப்பில் கேலி செய்கிறார்களாம். வாய்விட்டுச் சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். ரப்பர் பேண்ட் மாட்டினால் சேர்ந்துவிடும் என்கிறார் என் நாத்தனார். மாட்டலாமா? என் கணவருக்கும் ஒரு வருடமாக அதே இடத்தில் சந்து தெரிகிறது. பரம்பரையாக இருக்குமோ?

பதில்: அன்புள்ள சகோதரி, ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதனால் பேண்ட் மெல்ல வழுக்கி ஈறுக்குள் புகுந்துவிடும். பிறகு அது கண்ணுக்கே தெரியாது. உள்ளே எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழவைத்துவிடும்.

எட்டு வயதில் இந்தச் சந்து மிகச் சாதாரணம். நிரந்தரப் பல் முளைக்கும் வயதில் ஏராளமான குழந்தைகளுக்கு இப்படித்தான் இருக்கும். மேல் கோரைப்பற்கள் இன்னும் எலும்புக்குள்தான் இருக்கின்றன. அவை இறங்கி வரும்போது பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குகின்றன. அதனால் முன்பற்களின் வெளியே தெரியும் பகுதி விசிறிபோல் விரிகிறது. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும், 2 மில்லிமீட்டர் வரையுள்ள சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பிராட்பென்ட் என்ற பல் மருத்துவர் 1937-இல் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. உங்கள் மகளிடம், "பெரிய பல் வர இடம் தயாராகிறது" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

சந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தாலோ, ஒரு முன்பல் மட்டும் வரத் தாமதித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நடுவே ஒரு கூடுதல் பல் புதைந்திருக்கலாம். பக்கத்துப் பல் உருவாகாமலோ சிறுத்தோ இருக்கலாம். விரல் சூப்பும் பழக்கமும் காரணமாகலாம். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்பு தடித்து, பற்களுக்கு நடுவே இறங்கியிருப்பதும் உண்டு. அதைப் பார்த்ததும் வெட்டிவிட அவசரப்படாதீர்கள். பொதுவாகக் கோரைப்பல் வந்த பிறகும் சந்து மூடாவிட்டால்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

உங்கள் மகளைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிறவியிலேயே தாடை பெரிதாகவும் பல் சிறிதாகவும் அமைந்து, வாழ்நாள் முழுக்கச் சந்தோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள் நிறைய உண்டு. அது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்மைதான். ஆனால் இவருக்கு ஒரு வருடமாகத்தான் விழுந்திருக்கிறது. வளர்ந்தவருக்குப் புதிதாகச் சந்து விழுந்தால் ஈறுநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்போது பல் முன்னே தள்ளி விலகும். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கேளுங்கள். வலி இல்லையே என்று விடாதீர்கள். ஈறுநோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் முற்றும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதை வேகப்படுத்தும், அதனால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஈறைச் சரிசெய்யாமல் கிளிப் போட்டுச் சந்தை மூடச் சொல்லாதீர்கள். இருக்கிற எலும்பும் போய்விடும்.

மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் பார்த்தால் போதும். கணவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.