சிம்வாஸ்டாட்டின் சாப்பிடும் அப்பாவுக்குத் தொடை வலி: மாத்திரையை நிறுத்தலாமா?

சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால்மரம் சீவும் அப்பாவுக்கு, சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையால்தான் தொடை வலியா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். மரம் சீவுகிறவருக்கு வேலையாலும் வலி வரும். ஆனால் மாத்திரை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், மாரடைப்பு ஆபத்து கூடும். அரசாங்க கிளினிக்கில் சொல்லி சிகே (தசை பாதிப்பைக் காட்டும்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சிறுநீர் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகம் கெடலாம். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? அப்படியானால் சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையிலும் சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மருந்து இருக்கிறது, அதையும் தவிருங்கள். வலிக்குக் காரணம் சிம்வாஸ்டாட்டின்தான் என்றால், அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ டாக்டரால் முடியும்.