முதல் கேமிங் பிசி: காசை எதில் போடுவது, எதில் பிடிப்பது?

1080பி-யில் விளையாட, குறைந்த செலவில் நானே அசெம்பிள் செய்ய எதை வாங்கலாம் என்பது கேள்வி.

முதலில் கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட்டில் பெரிய பங்கு அதற்கே போகட்டும். 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டு, ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு மூன்றும் நல்ல சேர்க்கை. கிராபிக்ஸ் உள்ளமைந்த 5600ஜி பிராசசரைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 5600-இல் உள்ள 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். தனி கார்டு போடுபவருக்கு எதற்கு?

ரேம் 8 ஜிபியாக இரண்டு வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே ஓடும்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மட்டும் வேண்டவே வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்றுள்ள 550 வாட் வாங்குங்கள். ஆர்ஜிபி விளக்கெல்லாம் பிறகு பார்க்கலாம்.

மானிட்டர் கேபிளை போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது.