வலிக்காத கொப்புளம்

கேள்வி: வயது 56. சர்க்கரை வந்து 11 வருடம். இரவில் பாதம் எரிகிறது, இமை துடிக்கிறது, கழுத்தில் நெட்டி விழுகிறது. மூளையில் கட்டி இருக்குமோ என்று நெட்டில் படித்ததிலிருந்து பயம். மெடிக்கலில் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கிப் போடுகிறேன். போன வாரம் மத்தியானம் கோயில் பிராகாரம் சுற்றியதில் உள்ளங்காலில் கொப்புளம். வலியில்லை, விட்டுவிட்டேன்.
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: இமை துடித்தால் நன்றாகத் தூங்குங்கள். நெட்டி எனக்கும்தான் விழுகிறது. மூளைக்கட்டி ஆராய்ச்சியை இன்றோடு விடுங்கள். எனக்குப் பகீரென்றது உங்கள் கடைசி வரியில்தான்.

வெயிலில் காய்ந்த கருங்கல்லில் கால் வைத்தால் சின்னப் பிள்ளைகூடத் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடும். சூடு 43 டிகிரியைத் தாண்டினால் தோலில் உள்ள நரம்பு நுனிகள் சேதி அனுப்பும்; அது முதுகுத்தண்டை எட்டியதுமே, மூளை உணரும் முன்பே, கால் தானாக எழும்பும். கட்டிலில் விரல் இடித்தால் முதலில் சுரீரென்கிறது, ஒரு நொடி கழித்துத்தான் விண்விண்ணென்று தெறிக்கிறது, இல்லையா? பின்னால் வருவது மெல்லிய நரம்பின் வேலை. சேதி அதில் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் போகும். இந்த மெல்லிய நரம்புகளைத்தான் சர்க்கரை பெரும்பாலும் முதலில் அரிக்கும், அதிலும் நீளமானவற்றை. அதனால்தான் முதலில் பாதம் மரத்துப்போகிறது, கொப்புளமும் வலிக்கவில்லை.

எரிகிற கால் எப்படி மரத்துப்போகும் என்பீர்கள். பட்டுப்போகும் நரம்பு சும்மா இருக்கும்போதே கத்தும். அதுதான் உங்கள் ராத்திரி எரிச்சல். நிஜமாகச் சுடும்போது வாய் திறக்காது. ஊரே தூங்கும்போது குரைத்துவிட்டு, திருடன் வரும்போது படுத்துக்கொள்ளும் நாய் மாதிரி.

நாளையே சர்க்கரை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு நிமிட வேலை. கொப்புளத்தை உடைக்காதீர்கள், மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி மாத்திரை இந்த எரிச்சலைத் தொடாது, சிறுநீரகத்தைத்தான் தொடும். நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவரானால் வைட்டமின் பி12 அளவைச் சோதித்துவிட்டுச் சத்து மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.

தினமும் இரவு உள்ளங்காலை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்தும் பார்க்கலாம். கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். கபாலி அப்போதும் அங்கேதான் இருப்பார்.