வாங் சீஷான் வகித்த பதவி எது?

சீன அரசியல் தலைவர் வாங் சீஷானைத் 'தேசியக் கண்காணிப்பு ஆணையத் தலைவர்' என்று உங்கள் கட்டுரையில் எழுதியதைப் பேராசிரியர் ஏன் கோடிட்டு அடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்தது சரிதான். ஊழலை விசாரிக்கும் அரசு அமைப்பான அந்த ஆணையம் 2018 மார்ச்சில்தான் வந்தது. முதல் தலைவர் யாங் சியாவ்டூ. அதே மாதம் வாங் நாட்டின் துணை அதிபராகிவிட்டார்.

வாங் 2012 முதல் 2017 வரை நடத்தியது கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய ஒழுங்கு ஆய்வு ஆணையம். அது அரசுத் துறையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அவர் காலத்தில் அது கட்சிக்காரரைப் பிடித்து வைத்து விசாரித்தது, கட்சியை விட்டு நீக்க வைத்தது, அப்புறம் வழக்கை அரசு வழக்கறிஞரிடம் தள்ளிவிட்டது. அதனால் 'சோ யோங்காங்குக்கு வாங் ஆயுள் தண்டனை கொடுத்தார்' என்ற வரியையும் மாற்றுங்கள். சோ முன்பு நாட்டின் பாதுகாப்புத் துறைகளுக்குப் பொறுப்பாக இருந்த கட்சித் தலைவர். 2015 ஜூனில் அவரைத் தண்டித்தது தியான்ஜின் நீதிமன்றம். தீர்ப்பு மேலிடத்தில் முன்பே முடிவானது என்று நினைக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் கட்டுரையில் அப்படி எழுத முடியாதே.

வாங் 'சட்டம் படித்தவர்' என்று எழுதியிருப்பதும் தவறு. படித்தது வரலாறு, பிறகு கட்டுமான வங்கித் தலைவர், 2003 சார்ஸ் தொற்று நேரத்தில் பெய்ஜிங் மேயர், துணைப் பிரதமர். சிக்கலான இடத்துக்கு அனுப்பப்படும் ஆள் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இடமிருந்தால் டோங் ஹோங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிடம் நெடுங்காலம் வேலை பார்த்தவர், ஊழலைத் துருவும் ஆய்வுக் குழுவிலேயே இருந்தவர். 46 கோடி யுவானுக்கு மேல் லஞ்சம் வாங்கியதாக 2022இல் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை பெற்றார்.